செயின்சோவைத் திருத்துவதா, மாற்றுவதா?

எங்கட மாமா மரம் தறிக்கிறவர். வீடு கொட்டாஞ்சேனையில், வேலை பெரும்பாலும் வெள்ளவத்தைப் பக்கம். பழைய வீடொன்றை இடித்துத் தொடர்மாடி கட்டப் போகிறார்கள் என்றால் முதலில் விழுவது வளவில் நிற்கும் மாமரமும் தென்னையும்தான். பலா நின்றால் கொஞ்சம் தாமதமாகும். 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலாவை அனுமதி இல்லாமல் தறிக்க ஏலாது. மற்றதெல்லாம் மாமாவும் அவருடைய செயின்சோவும் ஒரு நாளில் முடித்துவிடும் வேலை.

போன மாசம் அந்த செயின்சோ நின்றுபோனது. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார நானா சைலன்சரைக் கழற்றி, உள்ளே டோர்ச் அடித்துக் காட்டினார். பிஸ்டனில் நெடுக்காகக் கீறல்கள். "பெற்றோலுக்கு ஒயில் குறைஞ்சா இப்பிடித்தான். பிஸ்டனும் சிலிண்டரும் சேர்த்து மாத்தணும். செய்யேலும், ஆனா பழைய மெஷினுக்கு அவ்வளவு சல்லி போடுறதான்னு நீங்கதான் யோசிக்கணும்" என்றார்.

அன்றிரவு வீட்டில் அதுதான் பேச்சு. மாமி கொப்பியில் கணக்கு எழுதினா. திருத்தினால் இவ்வளவு, புதுசு வாங்கினால் இவ்வளவு, எத்தனை மரத்தில் அந்தக் காசு திரும்பி வரும். மாமா என்னைப் பார்த்து, "கம்பஸில் வரலாறு படிக்கிறாய்தானே, இதுக்கு உன்ட வரலாறு என்ன சொல்லுது பாப்பம்" என்று பகிடி பண்ணினார்.

பகிடிக்குக் கேட்டதற்கு நான் உண்மையாகவே போய் வாசித்தேன். வாசித்து முடிய எனக்குத் தோன்றியது இதுதான்: மாமி எழுதியது காசின் கணக்கு. நாட்டில் செயின்சோ பற்றி அரசாங்கம் பேசியபோதெல்லாம் பேசியது காட்டின் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் கையின் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை ஒருவரும் எழுதவில்லை.

கோடரி அழித்த காடு

காட்டின் கணக்கிலிருந்து தொடங்குவோம். செயின்சோ என்றாலே காடழிப்பு என்ற படம்தான் எங்களுக்கு மனதில் வரும். இலங்கையின் வரலாற்றைப் பார்த்தால் அந்தப் படம் அவ்வளவு சரியில்லை.

1840இல் பிரித்தானியர் கொண்டுவந்த முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலத்தையும் தரிசு நிலத்தையும் அரசுடையது என்றாக்கியது. அந்த நிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. மலைநாட்டின் காடு விழுந்தது கோடரியால். தோட்டங்களுக்குக் காடு வெட்டிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கூலி பேசி வந்த சிங்களக் கிராமத்தவர்கள். வெட்டிய நிலத்தில் நட்டு, பராமரித்து, பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த எங்கட மலையகத்தவர்கள்.

அவர்கள் காடு வெட்டிய முறையை அந்தக் காலத் தோட்டத்துரைமார் எழுதி வைத்திருக்கிறார்கள். சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி விட்டுவிட்டு மேலே ஏறிப் போவார்கள். உச்சியில் நிற்கும் பெரிய மரங்களை மட்டும் முழுதாக வெட்டி விழுத்துவார்கள். அவை கீழே நிற்பவற்றின் மேல் விழ, அவை அடுத்த வரிசையில் விழ, ஒரு மலைச்சரிவே சில நிமிடங்களில் படுத்துவிடும். பிறகு காயவிட்டு நெருப்பு வைப்பார்கள். இதற்கு ஒரு துளி பெற்றோல் தேவைப்படவில்லை.

1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் வந்து அடுத்த இருபது வருடத்துக்குள் அந்தப் பயிரை முடித்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. பரவலாகச் சொல்லப்படும் கணக்கின்படி, 1881இல் நாட்டின் நிலப்பரப்பில் 84 சதவீதம் காடு. 1900இல் 70. 1956இல் 44. ஒரு ஆள் தனியாகத் தூக்கி வேலை செய்யக்கூடிய செயின்சோ உலகச் சந்தைக்கு வந்ததே 1950ஐ ஒட்டித்தான். அதாவது இந்த நாடு தன் காட்டில் பாதியை இழந்தது கோடரியாலும் நெருப்பாலும், கடைசிக் காலத்தில் கல்லோயா போன்ற குடியேற்றத் திட்டங்களின் புல்டோசராலும். செயின்சோ மேடைக்கு வந்தபோது நாடகம் பாதி முடிந்துவிட்டது.

48 கிலோவிலிருந்து 12 கிலோவுக்கு

இனி இயந்திரத்தின் கதை. 1926இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அந்திரேயாஸ் ஸ்டீல் என்ற பொறியியலாளர் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி வாள் ஒன்றைச் செய்தார். எடை 48 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும். காட்டில் மின்சாரம் ஏது? 1929இல் பெற்றோலில் ஓடுவது வந்தது. அதுவும் இரண்டு பேருக்குரிய சுமைதான்.

அடுத்த பெரிய திருப்பம் இயந்திரத்தில் அல்ல, சங்கிலியில். அமெரிக்காவின் ஒரிகனில் ஜோசப் கொக்ஸ் என்ற மரம்வெட்டி, 1946இல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு மரத்தைத் தின்று போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புழுவின் தாடைகள் நேரே குத்தாமல் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுரண்டின. அதே மாதிரி இடம், வலம் என்று மாறி வரும் கொக்கிப் பற்களை வைத்து ஒரு சங்கிலி செய்தார். இன்று மாமாவின் பாரில் சுற்றுவதும் அந்தக் குடும்பத்துச் சங்கிலிதான். மாமா அரத்தை எடுத்து ஒன்று விட்டு ஒரு பல்லாக ஒரு பக்கம் தீட்டி, பிறகு திரும்பி மற்றப் பக்கம் தீட்டுவது ஏன் என்று எனக்கு இப்பதான் விளங்கியது.

பிறகு எடை குறைந்துகொண்டே வந்தது. 1950இல் ஒரு ஆளுக்கான செயின்சோ, கிட்டத்தட்ட 16 கிலோ. 1959இல் கியர் இல்லாத இயந்திரம், 12 கிலோ, 6 குதிரைவலு. காட்டுத் தொழிலில் கைவாளின் காலம் மெல்ல முடியத் தொடங்கியது.

இதுவரை சொன்ன முன்னேற்றமெல்லாம் ஒரே வகை: கூடுதல் வேகம், குறைந்த எடை, கூடுதல் மரம். இந்த வகைப் பலன் ஒரு இயந்திரத்தில் தேய்ந்துபோனால் திருத்தலாம். பிஸ்டனை மாற்றினால் வலு திரும்பும். கார்பரேட்டரைக் கழுவினால் ஓட்டம் சீராகும். சங்கிலியை ஒழுங்காகத் தீட்டினாலே பாதிக் குறை போய்விடும் என்று நானாவும் சொன்னார்.

வெள்ளை விரல்

1960களில் வேறொரு பிரச்சினை வெளியே வந்தது. ஜப்பானின் அரச காடுகளில் செயின்சோ பிடித்த தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் இரத்தம் ஓடாமல் வெளுத்து, உணர்ச்சி இழந்தன. அங்கே அதற்கு வைத்த பெயர் வெண்மெழுகு நோய். மெழுகு மாதிரி விரல். ஐரோப்பாவின் காட்டுத் தொழிலாளரிடமும் அதுவே தெரிந்தது. இது முற்றிலும் புதிய நோயும் இல்லை. 1918இலேயே அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹமில்டன், இந்தியானா மாநிலத்தின் சுண்ணாம்புக்கல் குழிகளில் காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களிடம் இதைக் கண்டு எழுதியிருந்தார். ஜப்பானில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் செயின்சோ பிடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது.

இயந்திரம் செய்பவர்களும் மாறவேண்டி வந்தது. 1964இல் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் றப்பர் வைத்து அதிர்வைப் பிரிக்கும் அமைப்பு வந்தது. 1970களின் தொடக்கத்தில் சங்கிலித் தடை வந்தது. பாரின் நுனி மரத்தில் இடறினால் முழு இயந்திரமும் முகத்துக்கு நேரே மேலெழும். கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. அந்த நேரத்தில் முன்கைக்கு முன்னால் இருக்கும் தட்டு தள்ளுப்பட்டு, சங்கிலியைச் சட்டென்று நிறுத்துவதுதான் இந்தத் தடை.

இவை இரண்டும் மற்ற வகை முன்னேற்றம். மரத்துக்காக வந்தவை அல்ல, ஆளுக்காக வந்தவை. இந்த வகையைத் திருத்திச் சேர்க்க முடியாது. இருக்கிற றப்பர் தேய்ந்தால் மாற்றலாம், இருக்கிற தடையின் பட்டி அறுந்தால் புதுசு போடலாம். ஆனால் ஆதியிலேயே அவை இல்லாமல் வார்த்த இயந்திரத்தில் அவற்றைப் பொருத்த இடமே இல்லை. மாமாவின் மெஷின் அப்படிப்பட்டது. 1960களின் வடிவமைப்பில் செய்த பெரிய எஞ்சின், கையால் வாங்கி, கை மாறி, மாமாவிடம் வந்தது. ஐரோப்பாவில் இத்தகைய மாதிரிகள் காட்டைவிட்டு ஒதுங்கிய பிறகும் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நெடுநாள் விற்பனையில் இருந்தன. பலமானவை, எளிமையானவை, எந்தக் கடையிலும் திருத்தலாம். அதனால்தான் இங்கே அவை சாவதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, 8 மணித்தியால வேலை நாளுக்குக் கை தாங்கக்கூடிய அதிர்வின் உச்ச எல்லை 5 அலகு. அதிர்வு இரண்டு மடங்கானால் அனுமதிக்கும் நேரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. அதாவது 10 அலகு என்றால் 2 மணித்தியாலம். 20 அலகு என்றால் அரை மணித்தியாலம். அதிர்வுத் தடுப்பு இல்லாத பழைய இயந்திரங்கள் 10ஐ இலேசாகத் தாண்டுபவை. மாமா ஒரு நாளைக்கு நாலு, ஐந்து மணித்தியாலம் பிடிப்பார்.

"எனக்கு விரல் வெளுக்கேல்லையே" என்றார் மாமா. உண்மைதான். விரல் வெளுப்பது குளிரில். கொழும்புச் சூட்டில் அது வெளியே தெரிவது குறைவு. ஆனால் நரம்புக்கு நடக்கும் சேதம் சூட்டைப் பார்த்து நிற்பதில்லை. இரவில் கை விறைக்கிறதா, காலையில் விரல் கூசுகிறதா என்று கேட்டேன். மாமா பேசவில்லை. மாமிதான் சொன்னா: "சேர்ட் பொத்தான் போட நான்தான் வேணும், இப்ப ரெண்டு வருஷமா." அதுவரை எல்லாரும் அதை வயசு என்றுதான் நினைத்திருந்தோம்.

மாற்றும் வழியை அடைத்த வருடங்கள்

அப்படியென்றால் மாமா ஏன் முன்னமே மாற்றவில்லை? இதற்குப் பதில் சொல்ல அரசாங்கத்தின் கணக்குக்கு வரவேண்டும்.

2016இன் தொடக்க மாதங்களில், சட்டவிரோதமாக மரம் தறிப்பதைத் தடுக்க என்று, செயின்சோ வைத்திருக்கும் எல்லாரும் பொலிஸில் பதியவேண்டும் என்று அறிவித்தார்கள். மாமாவும் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தார். அந்தத் துண்டு இன்றைக்கும் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பொலித்தீன் பையில் இருக்கிறது. 2019 ஜூன் மாதம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இன்னும் ஒரு படி மேலே போனார். செயின்சோ இறக்குமதிக்குத் தடை, புதிய மர ஆலைகளுக்கு இடமில்லை, இருக்கும் ஆலைகள் ஐந்து வருடத்தில் மூடப்படும் என்றார். காட்டின் அளவை 28 சதவீதத்திலிருந்து 32க்கு உயர்த்துவது நோக்கம்.

நோக்கத்தில் எனக்குப் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த நாட்டில் இயந்திரங்களால் நடந்த காடழிப்பில் பேர்பெற்றது சிங்கராஜ வனத்தில் நடந்தது. 1970களில் அரச ஒட்டுப்பலகைக் கூட்டுத்தாபனத்தின் ஆலைக்காக அந்த மழைக்காட்டுக்குள் பாதை வெட்டி, கனரக இயந்திரங்களை இறக்கி மரம் எடுத்தார்கள். செய்தது அரசு. எதிர்த்தவர்கள் தீலோ ஹொப்மன் போன்ற இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும். 1977இல் ஆட்சி மாறிய பிறகு அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியதால்தான் 1988இல் சிங்கராஜ யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாக முடிந்தது. அங்கே காட்டை அழித்ததும் ஒரு தீர்மானம், காப்பாற்றியதும் ஒரு தீர்மானம். வாள் சொன்னதைச் செய்தது.

2019இன் தடை தீர்மானிப்பவரைத் தொடவில்லை, வாளைப் பிடித்தவரைத் தொட்டது. ஏற்கனவே நாட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரங்கள் அப்படியே ஓடின. புதியது வருவதுதான் கஷ்டமானது. தடையும் அதிர்வுத் தடுப்பும் உள்ள இயந்திரத்துக்கு மாறவேண்டிய ஆளைப் பழையதோடேயே கட்டிவைத்த மாதிரி ஆகிவிட்டது. மர ஆலைகள் ஐந்து வருடத்தில் மூடப்படவும் இல்லை.

அதன்பின் 2020இலிருந்து டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதே மார்ச்சில் கேனில் பெற்றோல் அடிக்கவும் தடை. செயின்சோவை எரிபொருள் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போக ஏலாதே. மாமா கோடரியும் கைவாளுமாகப் போன மாதங்கள் அவை. புதுசு வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. திருத்து, திருத்து, திரும்பவும் திருத்து. நாங்கள் இதைக் கெட்டித்தனம் என்று பெருமையாகச் சொல்லுவோம். ஓரளவு உண்மைதான். ஆனால் வேறு வழி இல்லாமல் செய்ததைத் தெரிவு என்று சொல்லக் கூடாது.

இந்தக் கைகள் நகரத்துக்குத் தேவையில்லை என்றும் சொல்ல ஏலாது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, மழைக்குள், கொள்ளுப்பிட்டி லிபர்டி பிளாசாவுக்கு முன்னால் ஒரு பெரிய மரம் ஓடும் பஸ்ஸின் மேல் விழுந்தது. ஐந்து பேர் செத்தார்கள். அப்படியான நேரத்தில் முதலில் தேடப்படுவது செயின்சோவும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும்தான். மரம் விழமுதல் கொப்பு வெட்டிப் பாரம் குறைக்கவும் அதே ஆட்கள்தான் வேணும்.

வீட்டில் எடுத்த முடிவு

அடுத்த கிழமை திரும்ப நானாவின் கடைக்குப் போனோம். இந்த முறை நான் கேட்ட கேள்வி பிஸ்டன் பற்றி அல்ல. "நானா, இதில் சங்கிலித் தடை போடேலுமா? கைப்பிடியில் றப்பர் வைக்கேலுமா?" அவர் மெஷினைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கு அது கிடையாது தங்கச்சி. இருக்கிற மெஷினாயிருந்தா ரெண்டும் சின்ன வேல."

அந்த ஒரு பதிலில் எங்கட முடிவு வந்துவிட்டது. இரண்டும் உள்ள இயந்திரம் என்றால், பிஸ்டன் போனாலும் திருத்துவதுதான் சரி. புதுசு புதுசு என்று ஓடத் தேவையில்லை, காசும் மிச்சம், குப்பையும் குறைவு. இரண்டும் இல்லாத இயந்திரம் என்றால், அது இன்னும் இருபது வருடம் ஓடும் என்றாலும் மாற்றுவதுதான் சரி. அது ஓடும், கை ஓடாது.

மாமிக்கு வந்த சீட்டுக்காசும், பிஸ்டனுக்கு ஒதுக்கியதும் சேர்த்து, பழையதைவிடச் சின்ன ஒன்று வாங்கினோம். கையால் வாங்கியதுதான். தடை இருக்கிறது, வேலை செய்கிறது. நானா அதை ஓடவிட்டு, தட்டைத் தள்ளி, சங்கிலி நிற்பதைக் காட்டின பிறகுதான் காசைக் கொடுத்தோம். மாமாவுக்கு முதல் கிழமை பிடிக்கவில்லை. "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்றார். பெரிய அடிமரத்துக்கு நேரம் கூடத்தான் எடுக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

கடைசியாக ஒரு வாக்குவாதம் வந்தது, பழையதை என்ன செய்வது என்று. மலைநாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் அதை அப்படியே எடுத்து, பிஸ்டன் போட்டு ஓட்டத் தயாராக இருந்தார். நல்ல விலை. மாமா இரண்டு நாள் யோசித்தார். பிறகு நானாவிடமே, குறைந்த விலைக்கு, பாகங்களாகக் கழற்ற என்று கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதிந்த மெஷின் என்றபடியால் பொலிஸிலும் சொல்லவேண்டும் என்று அந்தப் பொலித்தீன் பையைத் தேடி எடுத்தார். முடிச்சு இறுக்கமாக இருந்தது. அவிழ்க்கப் பார்த்துவிட்டு, பேசாமல் என்னிடம் நீட்டினார்.